வாசகர் கேள்வி பதில்: சால்மனை வஞ்சிரம் மாதிரி வறுக்காதீர்கள்

பாரீஸிலிருந்து மகள் குடும்பம் வந்திருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்குக் காரம் ஆகாது என்பதால் எலுமிச்சை, குடைமிளகாய் போட்டு சால்மன் செய்யலாம் என்று உறைந்த துண்டுகள் வாங்கினேன். வஞ்சிரத்துக்குச் செய்வது போலவே மஞ்சள்தூள், கொஞ்சம் மிளகாய்த்தூள் தடவி, எலுமிச்சை பிழிந்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து வறுத்தேன். பக்கவாட்டில் வெள்ளையாக ஏதோ வழிந்தது, திருப்பும்போது உதிர்ந்தது, சாப்பிட்டால் சக்கை. மீன் கெட்டுப்போனதா?
– வாசகி, லாஸ்பேட்டை

இல்லைம்மா, மீன் கெடவில்லை. வழிந்த அந்த வெள்ளை, மீனின் சதைக்குள் நீராக இருக்கும் ஒரு புரதம்தான். சூட்டில் சதை சுருங்கும்போது வெளியே பிதுங்கி, முட்டை வெள்ளைக்கரு மாதிரி உறைந்துவிடுகிறது. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் அது நிறைய வழிகிறது என்றால் சூடு அதிகம், அல்லது நேரம் அதிகம் என்று அர்த்தம்.

நம் கைப்பழக்கம் எல்லாம் வஞ்சிரத்தை வைத்து வந்தது. பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரத்தைக் குறுக்கே வெட்டித் தருவார்கள், நடுவில் முள் இருக்கும், சுற்றிலும் தோல் இருக்கும், அந்த இரண்டும் சதையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அதனால் நன்றாக முறுகவிட்டுத் திருப்பலாம். சால்மன் துண்டு அப்படி இல்லை. நீளவாக்கில் முள் எடுத்த சதை, ஒரு பக்கம் மட்டும்தான் தோல். மடிப்பு மடிப்பான சதைக்கு நடுவே கொழுப்பு ஓடுகிறது, அந்தக் கொழுப்புதான் அதன் ருசியே. வஞ்சிரத்துக்கு வைக்கிற தீயில் வைத்தால் கொழுப்பு உருகி எண்ணெயோடு போய்விடும், மடிப்பு பிரிந்து உதிரும், மிஞ்சுவது நீங்கள் சொன்ன சக்கைதான்.

அடுத்தது எலுமிச்சை. இரண்டு மணி நேரம் ஊறினால் அந்தப் புளிப்பே அடுப்பு இல்லாமல் சதையை இறுக்க ஆரம்பித்துவிடும், மேல்பக்கம் வெளுத்து மாவு மாவாகிவிடும். ஊறவைக்கவே வேண்டாம், கடைசியில் பிழிந்தால் போதும். இன்னொன்றும் கவனியுங்கள்: வெளிநாட்டுச் செய்முறைகளில் ஒரு எலுமிச்சை என்று எழுதியிருப்பது பெரிய, தடித்த தோல் உள்ள மஞ்சள் பழம். நம் பழம் சின்னது, தோல் மெல்லியது, புளிப்பு தூக்கல். எண்ணிக்கையைப் பார்க்காமல் பிழிந்து பிழிந்து ருசி பார்ப்பதுதான் சரி. தோலைத் துருவிப் போடச் சொல்லியிருந்தால் மேலே உள்ள நிறத்தை மட்டும் லேசாகத் துருவுங்கள், உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும்.

இப்போது செய்முறை. முந்தின நாள் ராத்திரியே மீனை ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். காற்று எடுத்து ஒட்டிய பாக்கெட் என்றால் அதைக் கிழித்து, மீனை ஒரு தட்டில் மாற்றி மூடி வைக்க வேண்டும். காற்றில்லாத பாக்கெட்டுக்குள்ளேயே உறை இளகினால் சில ஆபத்தான கிருமிகள் வளர இடம் கொடுத்ததாகிவிடும். வாளித் தண்ணீரிலோ வெயிலிலோ போட்டு அவசரமாக இளக்க வேண்டாம்.

சமைப்பதற்கு முன் அரை லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் ஒன்றரை மேசைக்கரண்டி கல்லுப்பைக் கரைத்து, துண்டுகளைக் கால் மணி நேரம் போட்டு வையுங்கள். உப்பும் ஏறும், வெள்ளை வழிவதும் வெகுவாகக் குறையும். எடுத்துத் துணியால் நன்றாக ஒற்றுங்கள், முக்கியமாகத் தோல் பக்கம். ஈரத் தோல் கல்லில் ஒட்டிக்கொள்ளும், மொறுமொறுப்பும் வராது. மஞ்சள்தூள் வேண்டாம், மிளகாய்த்தூள் வேண்டாம். இடித்த மிளகு ஒரு சிட்டிகை போதும்.

குடைமிளகாயை முதலில் வதக்க வேண்டும். மீனோடு சேர்த்துப் போட்டீர்கள் என்றால் அது தண்ணீர் விடும், மீன் வறுபடாமல் ஆவியில் வெந்துவிடும். சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று எடுத்து விரல் அகலத்துக்கு நீளமாக நறுக்குங்கள். பச்சையும் போடலாம், ஆனால் பச்சை என்பது பழுக்காத காய், லேசான கசப்பு இருக்கும். பழுத்த சிவப்பின் இனிப்புதான் சால்மன் கொழுப்புக்கு எடுப்பாக இருக்கும். அகலமான கடாயில் இரண்டு கரண்டி மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெய் விட்டு, தட்டிய பூண்டு நான்கு பல், அரிந்த சின்ன வெங்காயம் ஒரு பிடி, அப்புறம் குடைமிளகாய், கொஞ்சம் உப்பு. எட்டுப் பத்து நிமிடம். ஓரங்களில் அங்கங்கே கருகல் புள்ளி விழுந்து, நடுவில் இன்னும் கொஞ்சம் கடிபடுகிற பதத்தில் ஒரு தட்டில் எடுத்து வைத்துவிடுங்கள்.

அதே கடாயில் இன்னும் ஒரு கரண்டி எண்ணெய், மிதமான தீ, மீனைத் தோல் கீழே இருக்கும்படி வையுங்கள். முதல் அரை நிமிடம் தோசைத் திருப்பியால் மெல்ல அழுத்திப் பிடியுங்கள், இல்லாவிட்டால் தோல் சுருண்டு வளையும். அப்புறம் தொடாதீர்கள். பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்: அடர்ந்த ஆரஞ்சு நிறம் கீழேயிருந்து மெதுவாக வெளிறிக்கொண்டே மேலே ஏறும். அந்த வெளிறல் முக்கால் உயரம் வந்ததும் திருப்புங்கள். ஓர் அங்குலத் தடிமன் துண்டுக்கு அதற்கு ஐந்தாறு நிமிடம் ஆகும். மறுபக்கம் இரண்டு நிமிடம், அவ்வளவுதான். மீன் வேகும்போதே ஓர் எலுமிச்சையைப் பாதியாக வெட்டி, வெட்டிய முகம் கீழே இருக்கும்படி கடாயின் ஓரத்தில் வைத்துவிடுங்கள். சூட்டில் அதன் புளிப்பின் கடுமை குறைந்து சாறு கொஞ்சம் இனிப்பேறும். அடுப்பை அணைத்து, ஒரு சின்னத் துண்டு வெண்ணெய் போட்டு, குடைமிளகாயைச் சுற்றி வைத்து, இரண்டு நிமிடம் விட்டுவிட்டு, தட்டுக்கு மாற்றி அந்த எலுமிச்சையைப் பிழியுங்கள்.

வெந்ததா என்று பார்க்க, தடித்த இடத்தில் ஒரு முள்கரண்டியை விட்டுத் திருகினால் மடிப்புகள் தானாகப் பிரிய வேண்டும், உள்ளே கண்ணாடிப் பளபளப்பு இருக்கக் கூடாது. சமையல் வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸ். உணவகங்களில் அதற்கு முன்பே எடுத்துவிடுவார்கள், அது இன்னும் மென்மையாக இருக்கும், ஆனால் குழந்தைகள் சாப்பிடும் வீட்டில் 63-க்கு முன் எடுக்க வேண்டாம்.

மீன் கடையில் காலா மீனை இந்தியன் சால்மன் என்று எழுதி வைக்கிறார்கள். இரண்டும் ஒன்றா? இதே முறையில் செய்யலாமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

ஒன்றில்லை, தூரத்து உறவுகூட இல்லை. காலாவின் தாடைக்குக் கீழே, மார்புத் துடுப்புப் பக்கம் நூல் நூலாக இழைகள் தொங்கும், அதை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். சதை வெள்ளை. சால்மன் குளிர்ந்த கடலின் மீன், நம் கடையில் உறைந்து கிடைப்பது பெரும்பாலும் நார்வே போன்ற நாடுகளின் பண்ணைகளில் வளர்த்தது.

இந்த முறையில் தாராளமாகச் செய்யலாம். உண்மையைச் சொன்னால், காலையில் துறைமுகத்தில் இறங்கிய காலாவை மத்தியானம் எலுமிச்சையும் குடைமிளகாயும் போட்டுச் செய்தால், மாதக்கணக்கில் உறைந்திருந்த சால்மனை விட எனக்கு அதுதான் பிடிக்கும். கடைக்காரரிடம் வட்டமாக வெட்ட வேண்டாம், நடுமுள்ளை எடுத்து இரண்டு பக்கச் சதையாகக் கொடுங்கள் என்று கேளுங்கள், செதிலை மட்டும் நன்றாகச் சுரண்டித் தோலோடு தரச் சொல்லுங்கள். காலாவில் சால்மன் அளவுக்குக் கொழுப்பு இல்லை, அதனால் வெண்ணெயைக் கொஞ்சம் கூட்டி, நேரத்தை ஒரு நிமிடம் குறையுங்கள். கொடுவாவும் இதற்கு அருமையாக வரும், அதன் தோல் நன்றாக முறுகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அந்த 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது, பெரிய மீன் விலை ஏறிவிடும், அப்போது உறைந்த சால்மன் வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

பண்ணை சால்மனுக்குச் சாயம் ஏற்றுகிறார்கள் என்று சொல்கிறார்களே, பயமாக இருக்கிறது.
– வாசகி, வில்லியனூர்

சதைக்குள் ஊசி போட்டோ மேலே பூசியோ ஏற்றுவதில்லை. கடலில் திரியும் சால்மன், இறால் வகைச் சின்ன உயிரினங்களைத் தின்கிறது. அவற்றில் உள்ள அஸ்டாக்சாந்தின் என்ற நிறமிதான் சதையில் சேர்ந்து ஆரஞ்சாகிறது. நம் இறால் வெந்ததும் சிவக்கிறதே, அதுவும் இதே நிறமிதான். பண்ணையில் அந்தத் தீனி இல்லாததால் நிறமியைத் தீவனத்தில் கலக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பதை விட பாக்கெட்டுக்குள் பனிக்கட்டி திரண்டிருக்கிறதா, ஓரம் வெளுத்துக் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நடுவில் ஒருமுறை இளகி மறுபடி உறைந்திருக்கலாம், அதை விட்டுவிட்டு வேறு எடுங்கள்.

வீட்டில் ஓவன் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் காகிதத்தில் மடித்து வேகவைக்கும் பப்பியோத் மாதிரி சால்மன் செய்ய வழி உண்டா?
– வாசகி, முத்தியால்பேட்டை

வாழை இலை இருக்கும்போது காகிதம் எதற்கு? இலையைத் தணலில் வாட்டி, வதக்கிய குடைமிளகாயைக் கீழே பரப்பி, மீனை மேலே வைத்து, இரண்டு வில்லை எலுமிச்சை, கொஞ்சம் வெண்ணெய், உப்பு, மிளகு. வில்லையில் விதை ஒன்றுகூட இருக்கக் கூடாது, கசப்பு இறங்கிவிடும். இலையை மடித்து நாரால் கட்டி, தோசைக்கல்லில் சின்னத் தீயில் மூடி போட்டு ஒரு பக்கம் ஆறு நிமிடம், மறுபக்கம் ஐந்து நிமிடம். தோல் முறுகாது, அதனால் இதற்குத் தோல் நீக்கிய துண்டே நல்லது.

கல் இரும்பு என்றால் ஒரு விஷயம். இலைக்குள் இருக்கும் வரை எலுமிச்சையால் தொந்தரவில்லை. ஆனால் வெறும் இரும்புக் கடாயிலோ அலுமினியத்திலோ மீனை வறுத்து அதிலேயே எலுமிச்சை பிழிந்தால் உலோக வாடை ஏறும், கல்லின் எண்ணெய்ப் பூச்சும் போகும். தட்டுக்கு மாற்றிய பிறகு பிழியுங்கள்.

மீனோடு வெண்ணெய் சேர்த்தால் வெண்புள்ளி வரும் என்று மாமியார் சொல்கிறார்.
– வாசகி, நெல்லிக்குப்பம்

வராது. வெண்புள்ளி என்பது தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் அழிவதால் வருவது, மீனும் பாலும் சேர்வதால் இல்லை. மாமியாருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் நல்லெண்ணெய் ஒரு கரண்டி விட்டுச் செய்து கொடுங்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

மகள் ஐந்து மாதக் கர்ப்பம். சால்மன் கொடுக்கலாமா? உறவினர் பிரான்ஸிலிருந்து புகையூட்டிய சால்மனும் கொண்டு வந்திருக்கிறார்.
– வாசகி, அரியாங்குப்பம்

முழுதாக வெந்த சால்மன் நல்லது. பாதரசம் குறைவான மீன்களில் ஒன்று, குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான ஒமேகா-3 கொழுப்பும் அதிகம். வாரத்தில் இரண்டு முறை கொடுக்கலாம், மருத்துவர் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அதன்படி. ஒமேகா-3-க்காக மட்டும் என்றால் மத்தியும் கானாங்கத்தையும் போதும், பணமும் மிச்சம். ஆனால் புகையூட்டிய சால்மனை அப்படியே கொடுக்காதீர்கள். அது பெரும்பாலும் வேகாத மீன், லிஸ்டீரியா கிருமி இருந்தால் கருவுக்கு ஆபத்து. வீட்டில் மற்றவர்கள் சாப்பிடட்டும்.

இரவு செய்த சால்மன் மீந்துவிட்டது. மறுநாள் சூடு பண்ணினால் ஒரே கவுச்சி. என்ன செய்வது?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

மறுபடி சூடாக்கும்போதுதான் அந்தக் கொழுப்பு வாடை கிளம்புகிறது, மைக்ரோவேவில் இன்னும் மோசம். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள், நம் மே மாத வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும், மறுநாளே தீர்த்துவிட வேண்டும். சுறாப் புட்டு செய்வோமே, அந்த வழிக்குக் கொண்டு வந்துவிடுங்கள்: தோலை எடுத்துவிட்டுச் சதையை உதிர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடுகு, கறிவேப்பிலை, நிறையச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு வதக்கி, மீந்த குடைமிளகாயைப் பொடியாக அரிந்து போட்டு, கடைசியில் மீனைச் சேர்த்து ஆவி பறக்கும் வரை கிளறி இறக்குங்கள். மஞ்சள்தூள் இங்கே போடலாம். ரசம் சாதத்துக்கு வைத்துச் சாப்பிடுங்கள்.