ஊதினால் தெரியுமா சர்க்கரை?

கேள்வி: ஊதினாலே சுகர் தெரிந்துவிடும் என்று ஆன்லைனில் ஒரு கையடக்கக் கருவி விற்கிறார்கள். ஊசிக்குப் பயந்து டெஸ்டையே தள்ளிப்போடும் என் வீட்டுக்காரருக்கு அதை வாங்கலாமா?
– வாசகி, பல்லடம்

பதில்: வேண்டாம். அந்தக் கருவி சர்க்கரையை அளப்பதே இல்லை. குளுக்கோஸ் ஆவியாகிற பொருள் அல்ல. மூச்சோடு வெளியே வருவது அசிட்டோன். நகப்பூச்சை அழிக்கும் திரவத்தில் வருமே, அதே நெடி. இன்சுலின் போதாமல் போனால் உடல் சர்க்கரையை விட்டுவிட்டுக் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்போது கல்லீரலில் உண்டாகும் கீட்டோன்களில் ஒன்று அசிட்டோன். அதுதான் நுரையீரல் வழியாகக் கசிகிறது. நோயாளியின் மூச்சில் அழுகிய ஆப்பிள் வாடை வீசுவதை ஜான் ரோலோ என்ற மருத்துவர் 1797-லேயே எழுதிவைத்துவிட்டார். புதிதாக வந்தது மோப்பம் பிடிக்கும் சென்சார்தான்.

கோளாறு எங்கே? சாதாரணமாக மூச்சில் 0.3 முதல் 0.9 பி.பி.எம். அசிட்டோன் இருக்கும் (பி.பி.எம். என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). 1.8-க்கு மேல் போனால் சர்க்கரை நோய் என்று பல ஆய்வுக் கட்டுரைகள் ஒரு கோடு போடுகின்றன. ஆனால் நம் வீடுகளில் அதிகம் காணும் டைப் 2 நோயாளியின் உடலில் கீட்டோனை அடக்கிவைக்கும் அளவுக்கு இன்சுலின் பெரும்பாலும் மிச்சம் இருக்கும். ரத்தத்தில் சர்க்கரை 250 இருந்தாலும் மூச்சில் அசிட்டோன் 1-ஐத் தாண்டாமல் இருக்கலாம். மறுபக்கம், ஏகாதசிக்குப் பட்டினி இருப்பவருக்கு அது கூடும். மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் பேலியோ உணவில் இருப்பவருக்குப் பல மடங்கு கூடும். அவர்கள் சர்க்கரை நோயாளிகள் அல்ல. அந்தக் கருவிகள் பேலியோ, கீட்டோ கூட்டத்துக்கென்றே வந்தவை. அங்கே ஓரளவு உதவும்.

ஊசி வலிக்கு வழி உண்டு. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தச் சொல்லுங்கள். விரலில் குத்தும் லான்செட் பேனாவில் ஆழத்தைக் குறைந்த எண்ணில் வையுங்கள். முதலில் வெந்நீரில் கை கழுவித் துடைத்துக்கொண்டால் பிதுக்காமலே சொட்டு வரும்.

கேள்வி: கடைசி வருட புராஜெக்டுக்கு எம்.க்யூ.-3 வாயு சென்சாரையும் ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையையும் வைத்து ‘ரத்தமில்லாச் சர்க்கரைமானி’ செய்கிறோம். ஒரே ஆள் ஐந்து முறை ஊதினால் ஐந்து விதமாகக் காட்டுகிறது. எங்கே தவறு?
– பொறியியல் மாணவர், சிவகாசி

பதில்: சென்சாரிலேயே ஆரம்பிக்கலாம். எம்.க்யூ.-3 குடிபோதை சோதனைக்கான மலிவு சென்சார். ஆல்கஹாலைப் பத்துக்கணக்கான பி.பி.எம்.மில் பார்க்கப் பழகியது, ஒரு பி.பி.எம். அசிட்டோன் அதற்குக் கடலில் கரைத்த பெருங்காயம். உள்ளே சூடேற்றிய டின் ஆக்சைடு இருக்கிறது. அதன் மேல் ஒட்டியுள்ள ஆக்சிஜனோடு எந்த எரியும் வாயு சேர்ந்தாலும் மின்தடை இறங்கும். வந்தது அசிட்டோனா, ஆல்கஹாலா, கையில் தேய்த்த சானிடைசரா என்று அதற்குத் தெரியாது. வாய் கொப்பளித்த மவுத்வாஷும் அதே கணக்கில் சேரும்.

இனி உங்கள் ஐந்து விதத்துக்கு வருவோம். நேராக ஊதினால் காற்று சென்சாரைக் குளிர்விக்கும். நீங்கள் அளப்பது பாதி காற்றின் வேகம். மூச்சு ஈரத்தால் நிறைந்தது. ஈரமும் மின்தடையை இறக்கும். முதலில் வெளிவரும் சுமார் 150 மி.லி. நுரையீரலின் ஆழத்தைத் தொடாத தொண்டைக் காற்று, அதில் அசிட்டோன் குறைவு. சென்சாரின் ஹீட்டர் 150 மில்லி ஆம்பியர் போல இழுக்கும், அதை யு.எஸ்.பி.யில் ஓடும் ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து எடுத்தால் மின்னழுத்தம் ஆடும், கூடவே ரீடிங்கும் ஆடும்.

திருத்தம் இப்படி. ஹீட்டருக்குத் தனி 5 வோல்ட் சப்ளை கொடுங்கள். புது சென்சாரை முதல் முறை 24 மணி நேரத்துக்குக் குறையாமல் சூடேற்றுங்கள், பிறகு ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம். ஊதுபவர் முதல் மூன்று நான்கு நொடிக் காற்றை வெளியே விட்டுவிட்டு, மிச்சத்தை டெட்லர் பையில் (வாயு மாதிரி பிடிக்கும் பிளாஸ்டிக் பை) பிடிக்கட்டும். பலூன் வேண்டாம், ரப்பர் தானே வாசனை விடும். பையிலிருந்து சிறு பம்ப் மூலம் ஒரே வேகத்தில் சென்சார் அறைக்குள் அனுப்புங்கள். ஈரத்தைப் போக்க சிலிக்கா ஜெல் வைக்கத் தோன்றும். அது அசிட்டோனையும் சேர்த்து விழுங்கிவிடும். குழாயை 40 டிகிரிக்குச் சூடாக வைத்து நீர் கோக்காமல் பார்ப்பதே மேல்.

அளவுத்திருத்தம் செய்யாமல் திரையில் பி.பி.எம். எழுதாதீர்கள். 10 லிட்டர் பையில் சுத்தக் காற்றை நிரப்பி, மைக்ரோ சிரிஞ்சால் 1 மைக்ரோலிட்டர் அசிட்டோன் விடுங்கள். 25 டிகிரியில் அது சுமார் 330 மைக்ரோலிட்டர் ஆவியாகும், அதாவது 33 பி.பி.எம். அதிலிருந்து 300 மி.லி. எடுத்து இன்னொரு 10 லிட்டர் பையில், தண்ணீர்க் குப்பி வழியே குமிழியிட்டு வந்த ஈரக் காற்றோடு கலந்தால் 1 பி.பி.எம். கிடைக்கும். அசிட்டோன் இல்லாத வெறும் ஈரக் காற்றையும் தனியாக அளந்துவையுங்கள். இரண்டுக்கும் ரீடிங் ஒன்றாக இருந்தால் உங்கள் கருவி ஈரமானிதான். எம்.க்யூ.-3-ல் அப்படித்தான் வரும் என்பது எங்கள் ஊகம். சென்சாரை மாற்றவும் துணியுங்கள்.

ஆய்வகங்களில் டங்ஸ்டன் ஆக்சைடில் சிலிக்கான் சேர்த்து அசிட்டோனை மட்டும் தேர்ந்து பிடிக்க முயல்கிறார்கள். பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகக் குழு 2025-ல் லேசரால் ஆக்கிய கிராஃபீனோடு (கார்பன் அணுக்களின் மெல்லிய ஏடு) துத்தநாக ஆக்சைடைச் சேர்த்து, ஈரத்தைத் தடுக்க மேலே ஒரு சவ்வும் போட்டது. அவர்களும் பையில் ஊதித்தான் அளக்கிறார்கள், கவனியுங்கள். தலைப்பை ‘மூச்சு அசிட்டோன்மானி’ என்று மாற்றினால் வைவாவில் பாதிக் கேள்வி குறையும்.

கேள்வி: டைப் 2 நோயாளியான அம்மா டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு நாளாக வாந்தி, வாயில் பழ வாடை. மீட்டரில் சுகர் 190தான். பயப்பட வேண்டுமா?
– வாசகர், தேனி

பதில்: இப்போதே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், மிச்சத்தை வழியில் படிக்கலாம். இந்த மாத்திரையும் எம்பாகிளிஃப்ளோசினும் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். அதனால் சர்க்கரை ஏறாமலே கீட்டோன் ஏறி ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. 190 என்ற எண்ணைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். ரத்தக் கீட்டோன் லிட்டருக்கு 0.6 மில்லிமோலுக்குக் கீழே இருப்பது இயல்பு, 3-ஐத் தாண்டினால் அவசர நிலை. சிறுநீர் ஸ்ட்ரிப்பை மட்டும் நம்ப வேண்டாம்: அது பிடிப்பது அசிட்டோஅசிட்டேட் என்ற கீட்டோனை, இந்த நிலையில் அதிகம் சேர்வதோ பீட்டா-ஹைட்ராக்சி பியூட்டிரேட் என்ற இன்னொன்று. டாக்டரிடம் மாத்திரையின் பெயரை முதலில் சொல்லுங்கள். மூச்சு சென்சார் என்றாவது வீட்டுக்கு வருமானால், இந்த மாதிரி எச்சரிக்கைக்கே அதிகம் பயன்படும்.

கேள்வி: அப்படியானால் ரத்தம் எடுக்காமல் எதுவுமே தெரிந்துகொள்ள முடியாதா?
– வாசகி, வேதாரண்யம்

பதில்: முடியும், ஒரு தையல்காரர் டேப் போதும். சென்னையில் உருவான இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் முறை 2005 முதல் இருக்கிறது. வயது 35 முதல் 49 என்றால் 20 புள்ளி, 50-ஐத் தொட்டால் 30. பெண்ணுக்கு இடுப்பு 80 முதல் 89 செ.மீ. என்றால் 10, 90-ஐத் தொட்டால் 20. ஆணுக்கு 90 முதல் 99 வரை 10, நூறானால் 20. உடற்பயிற்சி, கடும் உழைப்பு இரண்டும் இருந்தால் சுழியம், ஒன்று மட்டும் இருந்தால் 20, எதுவும் இல்லை என்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20.

கூட்டி 60 அல்லது அதற்கு மேல் வந்தால் அபாயம் அதிகம், லேப்புக்குப் போக வேண்டும். இடுப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டு முடித்த நொடியில் அளக்கவும். வயிற்றை எக்கி அளந்தால் புள்ளிதான் குறையும்.

நோய் இருப்பதை உறுதிசெய்ய ரத்தம் வேண்டும்: வெறும் வயிற்றில் 126 அல்லது ஹெச்.பி.ஏ.1.சி. (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 6.5 சதவீதம், அதற்கு மேல் இருந்தால். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு முறை பார்த்தே முடிவு செய்வார்கள்.

கேள்வி: சர்க்கரை நோயாளி குடிக்காமல் ஓட்டினாலும் போலீஸ் ஊதுகருவியில் மாட்டிக்கொள்வாரா?
– வாசகர், ஓசூர்

பதில்: ஃப்யூயல் செல் வகைக் கருவி (ஆல்கஹாலை வேதிவினையால் மின்சாரமாக்கி அளப்பது) என்றால் அசிட்டோனை அநேகமாகக் கண்டுகொள்ளாது. கீட்டோன் மிக அதிகமாக இருக்கும்போது அசிட்டோனில் கொஞ்சம் உடலுக்குள்ளேயே ஐசோபுரோபைல் ஆல்கஹாலாக மாறும். அது சிறிய எண்ணைக் காட்ட வைக்கலாம். சட்டத்தின் எல்லை 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால். ஊதியதில் சந்தேகம் என்றால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அங்கேயும் ஊசிதான்.