பாத் நகருக்குக் குடும்பத்தோடு ஒரு வாரயிறுதி: கேள்வி பதில்

இங்கிலாந்தின் பாத் நகருக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, பிள்ளைகளுக்கு 7, 10 வயது. ரோமானியர் குளத்தில் குளிக்க நீச்சல் உடை எடுத்து வரட்டுமா?

வேண்டாம் தம்பி. அந்தக் குளத்தில் யாரும் இறங்க முடியாது, கை நனைக்கவும் கூடாது. ரோமானியர் கட்டிய அந்தக் குளத்துக்கு வருவது வெந்நீர் ஊற்று. 1978-ல் இந்த ஊற்று நீரில் நீந்திய ஒரு சிறுமி மூளையைத் தாக்கும் அமீபா தொற்றால் இறந்துபோனாள். அதோடு பொதுக் குளியலை நிறுத்திவிட்டார்கள். இப்போது வெந்நீரில் குளிக்க 2006-ல் திறந்த தெர்மே பாத் ஸ்பா இருக்கிறது. அதன் பிரதான குளங்களுக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். நீங்களும் மனைவியும் முறை வைத்துப் போங்கள். அந்த நேரத்தில் ராயல் விக்டோரியா பூங்காவில் பிள்ளைகள் விளையாடட்டும்.

கேள்வி: குளிக்கவும் முடியாது என்றால், வெறும் பச்சைத் தண்ணீரைப் பார்க்கவா டிக்கெட்?

பச்சை நிறம் பாசியால் வருவது. ரோமானியர் காலத்தில் மேலே கூரை இருந்தது, வெயில் படவில்லை, அதனால் பாசியும் இல்லை. இன்னொன்று, குளத்தைச் சுற்றி மேலே நிற்கும் சிலைகள் எல்லாம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வைத்தவை. அங்கே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். கீழே போங்கள். மெண்டிப் மலைகளில் பெய்த பழைய மழை, பூமிக்குள் 2 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிச் சூடாகி, சுமார் 46 டிகிரியில் மேலே வருகிறது. நாளுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல். மிச்ச நீர் ஆவி பறக்க ரோமானியர் கட்டிய வடிகாலிலேயே இன்றும் ஓடுகிறது. இரும்புச் சத்து படிந்து அந்தக் கல் செங்காவி நிறமாகிக் கிடக்கும்.

பிள்ளைகளுக்கு நிச்சயம் காட்ட வேண்டியது சாபத் தகடுகள். குளியலுக்கு வந்த இடத்தில் பொருளைத் திருட்டுக் கொடுத்தவர்கள், ஈயத் தகட்டில் சாபத்தைக் கீறி சூலிஸ் மினர்வா தெய்வத்தின் ஊற்றில் போட்டார்கள். நம் ஊரில் காசு வெட்டிப் போடுகிற அதே கோபம்தான். டோசிமெடிஸ் என்ற ஒருவர் இழந்தது இரண்டு கையுறை. எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போக வேண்டுமாம்! பத்து வயதுப் பையன் இதை மறக்க மாட்டான்.

சுற்றி முடிக்கும் இடத்தில் ஊற்று நீரைக் குடித்துப் பார்க்கலாம். அது சுத்திகரித்தது. வெதுவெதுப்பும் இரும்பு வாடையுமாக இருக்கும். ஒரு வாய் போதும்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. சமாளிப்பாரா?

ரயில் நிலையத்திலிருந்து அபே தேவாலயம், குளம், பல்ட்னி பாலம் வரை பெரிய ஏற்றம் இல்லை. பாலத்தின் இரு பக்கமும் கடைகள், மெல்ல நடக்கலாம். குளத்தில் லிஃப்ட் உண்டு, ஆனால் கீழே பழைய கல் தரை மேடுபள்ளமாக இருக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 30 வீடுகள் பிறை போல் வளைந்து நிற்கும் ராயல் கிரசென்ட் மேட்டில் இருக்கிறது. அங்கே அவரை நடக்க வைக்காதீர்கள். பஸ்ஸோ டாக்ஸியோதான் சரி.

கேள்வி: லண்டனிலிருந்து காரா, ரயிலா?

ரயில். பாடிங்டனில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். குடும்ப ரயில் அட்டை வைத்திருந்தால் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் குறையும். கார்தான் என்றால் ஊருக்கு வெளியே லான்ஸ்டவுன், நியூபிரிட்ஜ், ஆட் டவுன் நிறுத்தங்களில் விட்டுவிட்டுப் பஸ் பிடியுங்கள்.

கேள்வி: பாத் நகரின் பெயர்பெற்ற சாலி லன் பன் சைவமா?

மாவில் முட்டை சேர்ப்பது வழக்கம். முட்டை ஆகாது என்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: சனி, ஞாயிறை எப்படிப் பிரிப்பது?

குளத்துக்குச் சனிக்கிழமை காலையில் முதல் நேரத்துக்கே முன்பதிவு செய்யுங்கள். நடுப்பகலில் தகடுகளின் பக்கம் நெருங்க முடியாது. ஞாயிறு, வானம் பார்க்கும் பிள்ளை இருந்தால் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் வாழ்ந்த வீடு. 1781-ல் யுரேனஸ் கோளை அவர் கண்டது அந்த வீட்டுத் தோட்டத்திலிருந்துதான். இல்லாவிட்டால் பூங்காவே போதும். அப்புறம், கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும் வாரயிறுதிகளில் குழந்தையைத் தள்ளும் வண்டியோடு போகாதீர்கள்.