புல்லட் ரயில் வருகிறதாம், மனை வாங்கலாமா?

கேள்வி: ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறேன். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் கொஞ்சம் கையில் இருக்கிறது. சென்னை–பெங்களூரு புல்லட் ரயிலுக்கு எங்கள் பக்கம் ஸ்டேஷன் வரப்போகிறது, அதிலிருந்து 3 கி.மீ. தூரத்தில் மனை போட்டிருக்கிறோம், இப்போதே அட்வான்ஸ் கொடுத்தால் ஐந்து வருடத்தில் மூன்று மடங்காகும் என்று ஒரு புரோக்கர் விடாமல் சொல்கிறார். மகள் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறாள். ரயில் வந்துவிட்டால் வீட்டிலிருந்தே தினமும் போய்வரலாம் என்று அவளுக்கும் ஆசை. வாங்கலாமா?

பதில்: இந்த ரயிலை மட்டும் நம்பி அந்த மனையை வாங்க வேண்டாம். அட்வான்ஸும் கொடுக்க வேண்டாம். ரயில் வராது என்பதற்காகச் சொல்லவில்லை. இந்தத் தடத்தில் அதிவேக ரயில் வந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறவன் நான். ஆனால் ரயில் வருவது ஒரு கணக்கு, உங்கள் மனைக்கு விலை ஏறுவது வேறு கணக்கு. புரோக்கர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறார்.

முதலில் தடத்தைப் பார்த்துவிடுவோம். சென்னை சென்ட்ரலிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 360 கி.மீ. அதிவேக ரயிலுக்கு இது அருமையான தூரம். இதைவிட ரொம்பக் குறைந்தால் காரும் பஸ்ஸும் போதும், ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலானவர்கள் விமானத்துக்குப் போய்விடுவார்கள். 2022 நவம்பரில் விட்ட வந்தே பாரத் பெங்களூரு போய்ச்சேர நாலேகால், நாலரை மணி நேரம் ஆகிறது. வண்டி 180 கி.மீ. வேகத்துக்கு வடிவமைத்ததுதான். கிடைக்கும் சராசரி 80 சொச்சம். சரக்கு ரயில், பாசஞ்சர், எக்ஸ்பிரஸ் எல்லாம் ஓடும் அதே தண்டவாளத்தில்தான் இதுவும் ஓட வேண்டியிருக்கிறது. ஜோலார்பேட்டை வரை 130-ல் போகலாம். அப்புறம், 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரை நோக்கி வளைந்து வளைந்து ஏற வேண்டும். எனவே உண்மையான வேகம் வேண்டுமென்றால் தனிப் பாதை போட்டாக வேண்டும். செலவு, தாமதம், நிலப் பிரச்சினை எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

இப்போதைய நிலை என்ன? 2026 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்த ஏழு அதிவேகத் தடங்களில் சென்னை–பெங்களூரு ஒன்று. அதற்குச் சில வருடங்கள் முன்பே சென்னை–பெங்களூரு–மைசூரு தடத்துக்கு விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கும் வேலை தேசிய அதிவேக ரயில் கழகத்திடம் கொடுக்கப்பட்டிருந்தது. ஆக, பேச்சு புதிதல்ல. அறிவிப்புக்கு அப்புறம் பாதை இறுதியாக வேண்டும், அமைச்சரவை ஒப்புதல் வேண்டும், கடன் கிடைக்க வேண்டும், எந்தெந்த நிலத்தை எடுக்கப்போகிறோம் என்று சொல்லும் நில அறிவிக்கை வர வேண்டும், டெண்டர் விட வேண்டும். ஸ்டேஷன் எந்தெந்த சர்வே எண்ணில் என்பது நில அறிவிக்கை வரும்போதுதான் உறுதியாகும். அதற்கு முன்னால் யார் ‘3 கி.மீ.’ என்று அளந்து சொன்னாலும் அது ஊகம்தான்.

இதற்கெல்லாம் எவ்வளவு காலம் பிடிக்கும் என்று பார்க்க, நம் நாட்டில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரே அதிவேகத் தடமான மும்பை–அகமதாபாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 508 கி.மீ., நிலையங்கள் 12. ஜப்பானோடு சேர்ந்து ஆய்வு செய்ய முடிவானது 2013-ல். ஒப்பந்தம் 2015 டிசம்பரில். அடிக்கல் 2017 செப்டம்பர் 14. அப்போதைய மதிப்பீடு 1.08 லட்சம் கோடி ரூபாய். அதில் 81 சதவீதத்துக்கு ஜப்பான் 0.1 சதவீத வட்டியில், 50 வருடத் தவணையில் கடன் கொடுத்தது. இதைவிடச் சாதகமான தொடக்கம் இன்னொரு திட்டத்துக்குக் கிடைக்குமா என்பது சந்தேகம். அப்படியும் முழு நிலமும் கைக்கு வர 2024 ஜனவரி ஆகிவிட்டது. சூரத்–பிலிமோரா பகுதியில் முதல் ஓட்டத்துக்கு வைத்திருக்கும் இலக்கு 2027 ஆகஸ்ட். அடிக்கல் நாட்டியபோது 2022, 2023 என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

தாமதமானது பொறியியலால் இல்லை. 40 மீட்டர் நீளம், 970 டன் எடையுள்ள பாலத் துண்டை ஒரே வார்ப்பாகச் செய்து, அப்படியே தூக்கிக்கொண்டுபோய்த் தூண்மேல் வைக்கிற இயந்திரங்களை நம் ஆட்கள் இன்று சர்வசாதாரணமாக இயக்குகிறார்கள். இழுத்தடித்தது நிலம். மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் விவசாயிகளும் பழங்குடி மக்களும் எதிர்த்தார்கள். அலையாத்தி மரங்களை வெட்ட மும்பை உயர் நீதிமன்றம் அனுமதி தந்தது 2022 டிசம்பரில். மும்பை விக்ரோலியில் ஒரு தனியார் நிலத்தைப் பற்றிய வழக்கு முடிந்தது 2023 பிப்ரவரியில். வேலூர், ராணிப்பேட்டை, சித்தூர் பக்கத்து விவசாயிகள் மட்டும் பேசாமல் நிலத்தைக் கொடுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. எதிர்பார்க்கவும் கூடாது. அது அவர்கள் பிழைப்பு.

புரோக்கருக்குத் தெரியாத இன்னொரு விஷயமும் உண்டு. இன்றைய ரயில் பாதை ஊரைத் தேடி வளைந்து போகும். 320 கி.மீ. வேகத்தில் போகிற பாதையால் அப்படி வளைய முடியாது. மும்பை தடத்தில் வளைவின் ஆரம் குறைந்தது 6 கி.மீ. இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் மாவட்டத்தின் வரைபடத்தைத் திறந்து, 6 கி.மீ. ஆரத்தில் ஒரு வளைவு வரைந்து பாருங்கள். எத்தனை ஏரி, எத்தனை குன்று, எத்தனை குடியிருப்பு அதில் சிக்குகிறது என்று தெரியும். ஏதோ ஓர் ஏரியைத் தவிர்க்கக் கோட்டை இருநூறு மீட்டர் நகர்த்தினால், அதற்கு முன்னும் பின்னும் பல கிலோமீட்டருக்குக் கோடு நகரும். அதனால்தான் கடைசி வரைக்கும் பாதை மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இடைப்பட்ட நிலையங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, வயல்வெளியில் போய் அமைகின்றன.

வயல்வெளியில் அமைந்த நிலையத்தைச் சுற்றி என்ன நடக்கும் என்பதுதான் உங்கள் கேள்விக்கான நிஜமான பதில். தைவானைப் பாருங்கள். வடக்கே தைபேயிலிருந்து தெற்கே காவோசியுங் வரை 350 கி.மீ., நம் தடத்தின் நீளம்தான். 2007-ல் திறந்தார்கள். ஒன்றரை மணி நேரப் பயணம். ஐந்தாறு வருடத்துக்குள் அந்த இரு நகரங்களுக்கும் இடையே விமானமே நின்றுபோனது. ரயில் என்ற வகையில் பெரிய வெற்றி. ஆனால் இடைநிலையங்களின் கதை ஒரே மாதிரி இல்லை. ஷின்ச்சு நகரத்துக்கான நிலையம் ஜூபெய் என்ற இடத்தில் வயல்களுக்கு நடுவே அமைந்தது. இன்று அங்கே அடுக்குமாடிகள் நெருக்கியடிக்கின்றன. உலகத்துக்கே சிப் செய்து கொடுக்கிற ஷின்ச்சு அறிவியல் பூங்கா பக்கத்தில் இருக்கிறது, நல்ல சம்பளம் வாங்குகிறவர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். இதே ரயில், இதே வேகம், சியாயி நிலையத்தைச் சுற்றி அப்படி ஒரு நகரம் எழும்பவில்லை. தைனான் நகரத்துக்கும் அதன் அதிவேக நிலையத்துக்கும் நடுவே சாதாரண ரயில் இணைப்பு வரவே 2011 ஆகிவிட்டது. அந்த நான்கு வருடமும் ரயிலில் மிச்சம் பிடித்த நேரத்தை மக்கள் பஸ்ஸிலும் டாக்ஸியிலும் செலவழித்தார்கள். பயணிகள் எதிர்பார்த்த அளவு சேராமல் ரயிலை நடத்திய கம்பெனியின் கடன் ஏறியது. 2015-ல் அரசாங்கம் தலையிட்டு, 35 வருட உரிமத்தை 70 வருடமாக நீட்டித்துத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று.

ஸ்பெயினில் இன்னும் மோசம். மாட்ரிட் அருகே குவாதலஹாரா நிலையம் ஊரிலிருந்து தள்ளி அமைந்தது. அதை ஒட்டி முப்பதாயிரம் பேருக்கு வால்தெலூஸ் என்று ஒரு புது நகரமே போட்டார்கள். 2008 பொருளாதாரச் சரிவில் பாதிக்கட்டிடத்தோடு நின்றுபோய், வாங்கியவர்கள் வருடக்கணக்கில் ஆளில்லாத தெருவில் குடியிருந்தார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: ஸ்டேஷன் வேலைவாய்ப்பைக் கொண்டுவராது. வேலைவாய்ப்பு இருக்கிற இடத்தில், நல்ல இணைப்பும் சேர்ந்தால், ஸ்டேஷன் அதைப் பெருக்கும். நம் ஊரிலேயே பார்த்தோமே. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். கட்டிடம் பிரமாதம். பக்கத்தில் ரயில் நிலையம் தயாராகாததால், ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் வீடு போய்ச்சேர ஆட்டோவுக்குக் கொடுத்த காசு பஸ் டிக்கெட்டையே தொட்டது. பெங்களூரு பையப்பனஹள்ளி ரயில் முனையத்திலும் இதே புலம்பல்தான். உங்கள் மாவட்டத்தில் மனை வாங்கக் காரணம் தேடினால், பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டிய டாடா மோட்டார்ஸ் கார் ஆலை இருக்கிறது, சென்னை–பெங்களூரு விரைவுச்சாலை இருக்கிறது. இவை கண்ணால் பார்க்கக்கூடியவை. புரோக்கர் சொல்லும் விலை இவற்றை மட்டும் வைத்துப் பார்த்தாலே நியாயம் என்றால் யோசிக்கலாம். ரயிலைச் சேர்த்தால்தான் கணக்கு தேறுகிறது என்றால் விட்டுவிடுங்கள்.

சரி, மகள் விஷயம். சென்னை–பெங்களூரு ஒன்றேகால் மணி நேரம் என்று பேசப்படுவது முனையத்துக்கு முனையம். உங்கள் மகளுக்கு வீட்டிலிருந்து ஸ்டேஷன் அரை மணி, பாதுகாப்புச் சோதனைக்கும் காத்திருப்புக்கும் கால் மணி, ரயிலில் முக்கால் மணிக்கு மேல், அப்புறம் பெங்களூரு ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ். அந்தக் கடைசித் துண்டுதான் பயம். ஒயிட்ஃபீல்டுக்கா, எலக்ட்ரானிக் சிட்டிக்கா, ஸ்டேஷன் எங்கே, மெட்ரோ உண்டா என்பதைப் பொறுத்து அது இருபது நிமிடமாகவும் இருக்கலாம், ஒன்றரை மணி நேரமாகவும் இருக்கலாம். இன்னொன்று, வேகமாகப் போகும் ரயில் எல்லா நிலையத்திலும் நிற்காது. மும்பை–அகமதாபாத்தில் சில இடங்களில் மட்டும் நிற்கும் வண்டிக்கு 2 மணி 7 நிமிடம், எல்லா இடத்திலும் நிற்கும் வண்டிக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு என்று திட்டமிட்டிருக்கிறார்கள். உங்கள் ஊர் ஸ்டேஷன் மெதுவான வண்டியின் பட்டியலில்தான் இருக்கும். காலையில் அது எத்தனை முறை நிற்கும் என்பது ரொம்ப முக்கியம்.

கட்டணத்தையும் மறக்க வேண்டாம். டோக்கியோ–ஒசாகா 515 கி.மீ. தூரத்துக்கு ஒரு வழி டிக்கெட் 14,000 யென் சொச்சம், நம் பணத்தில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். அங்கே ஷின்கான்செனில் தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்கள் உண்டு. மாத பாஸ் இருக்கிறது, பல கம்பெனிகள் அந்தச் செலவை ஏற்கின்றன, குறிப்பிட்ட வரம்பு வரை அந்தப் பயணப்படிக்கு வரியும் கிடையாது. நம் ஊரில் அந்த ஏற்பாடு இல்லாமல் தினசரிப் பயணம் கட்டுப்படியாகாது. வாரம் ஒருமுறை வந்துபோக இந்த ரயில் வரப்பிரசாதமாக இருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் தூக்கமில்லாமல் வருகிற எத்தனையோ பிள்ளைகளுக்காகவே நான் இதை விரும்புகிறேன். ஆனால் தினசரிக்கு என்று நம்பி பெங்களூரு வீட்டைக் காலி செய்யத் திட்டம் போட வேண்டாம்.

புரோக்கர் சொல்லாமல் விட்ட ஒரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனுக்கு அருகில் என்று வாங்குகிற மனை, பாதைக்குள்ளேயே போய்விடலாம். மும்பை தடத்துக்கு 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டப்படிதான் நிலம் எடுத்தார்கள். இங்கேயும் இழப்பீட்டுக் கணக்கு அதை ஒட்டித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பத்திரப் பதிவுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, பக்கத்து நிலங்களின் கடந்த மூன்று வருடக் கிரயப் பத்திரங்களில் விலை அதிகமுள்ள பாதியின் சராசரி, இரண்டில் எது அதிகமோ அது சந்தை மதிப்பு. கிராமப்புறம் என்றால் அதை ஒரு குறிப்பிட்ட மடங்கால் பெருக்குவார்கள். பிறகு அதே அளவு தொகை ஆறுதல் தொகையாக. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாமே பத்திரத்தில் எழுதிய விலையிலிருந்து தொடங்குகிறது. நம் ஊர் வழக்கப்படி பாதிப் பணத்தைக் கறுப்பில் கொடுத்துவிட்டு, வழிகாட்டி மதிப்புக்குப் பதிவு செய்தால், அந்தப் பாதிக்கு அரசாங்கம் ஒரு பைசா தராது. முதல்கட்ட அறிவிக்கை வந்துவிட்டால் கலெக்டர் அனுமதி இல்லாமல் விற்கவும் முடியாது. உங்கள் வயதில் இருக்கிற ஒருவரின் ஓய்வுக்காலப் பணம் அப்படிப் போய் முடங்குவதை நான் விரும்பவில்லை.

பாதைக்குப் பக்கத்தில், ஆனால் ஸ்டேஷனிலிருந்து தூரத்தில் மனை இருந்தால் லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. தூண்மேல் போகிற பாதைக்கு 17.5 மீட்டர் அகலம்தான் எடுக்கிறார்கள். தலைக்கு மேல் ரயில் போகும், சத்தம் கேட்கும், அவ்வளவே.

இத்தனைக்கும் பிறகு, ரயிலைத் தவிர வேறு காரணத்துக்காக அந்த மனை உங்களுக்குப் பிடித்திருந்தால், மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம் தரும் டி.டி.சி.பி. அப்ரூவலும், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் பதிவு எண்ணும் கேளுங்கள். எண்ணை ரெரா இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். முப்பது வருட வில்லங்கச் சான்றை உங்கள் செலவில் எடுத்து, உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள், அவர்கள் கொடுக்கிற வக்கீலிடம் இல்லை. கொடுக்கிற முழுத் தொகையையும் வங்கி வழியாகக் கொடுத்து, முழுத் தொகைக்கும் பத்திரம் போடுங்கள். அப்புறம், ‘புல்லட் ரயில் நிலையம் 3 கி.மீ.’ என்று அச்சிட்ட நோட்டீஸ் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். ரெரா சட்டத்தின் 12-வது பிரிவின்படி, விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் போட்டவர் வட்டியோடு திரும்பக் கேட்கலாம். நோட்டீஸ் இல்லை, வாய்வார்த்தைதான் என்றால், அந்த ஒரு வரியை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று புரிந்துகொண்டு எழுந்து வந்துவிடலாம்.