ஒரே துறைக்குக் கடன் தரும் வங்கியை எடைபோடுவது எப்படி? (கேள்வி பதில்)

கேள்வி: ஒரே துறைக்குக் கடன் தரும் ஒரு சிறப்பு வங்கியின் நிகர வட்டி வரம்பு (வட்டி வரவில் வட்டிச் செலவு போக மிஞ்சுவது, கடன் முதலிய சொத்துகளின் சதவீதமாக) 6 சதவீதம், பெரிய வங்கிக்கு 3 சதவீதம்தான். முன்னது திறமையான வங்கி என்று கொள்ளலாமா?

பதில்: அதற்குள் கொள்ள வேண்டாம். சிறு கடன்களைத் தேடிக் கொடுத்து வசூலிக்க ஆட்செலவு அதிகம், இழப்பும் அதிகம். இவ்விரண்டையும் கழித்த பின் சொத்துகளின் மீது கிடைக்கும் வருவாயை, அந்தத் துறை நலிந்திருந்த ஓர் ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: கடன் 50 சதவீதம் வளர்ந்திருக்கிறது, வாராக்கடன் விகிதமும் குறைந்திருக்கிறது. இதில் கவலைப்பட என்ன இருக்கிறது?

பதில்: நான் முதலில் கவலைப்படும் இடமே இதுதான். சென்ற ஆண்டு 100 கோடி கடனில் 4 கோடி வாராக்கடன் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு கடன் 150 கோடி, வாராக்கடன் 5 கோடி. விகிதம் 4-லிருந்து 3.3 சதவீதமாகக் குறைகிறது. ஆனால் வாராக்கடனோ கால் பங்கு கூடியிருக்கிறது. புதிதாகக் கொடுத்த 50 கோடியில் பெரும்பகுதிக்குத் தவணை தவறும் அளவுக்கு இன்னும் வயதாகவில்லை. அந்த 5 கோடியைச் சென்ற ஆண்டின் 100 கோடியால் வகுத்தால் 5 சதவீதம் வரும். நான் நம்புவது அந்த எண்ணைத்தான். கடன் வழங்கிய ஆண்டுவாரியாகத் தவணை தவறிய விவரத்தை வங்கி வெளியிட்டால், அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

கேள்வி: லாபம் ஈட்டும் வங்கியும் விழுமா?

பதில்: விழும். அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி 2022-இல் லாபம் காட்டியது. 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் 42 பில்லியன் டாலர் டெபாசிட் வெளியேறியது, மறுநாள் வங்கி மூடப்பட்டது. வட்டி உயர்ந்ததால் அதன் நீண்டகாலப் பத்திரங்கள் மதிப்பிழந்திருந்தன. டெபாசிட்தாரர்களோ பெரும்பாலும் ஒரே தொழில்நுட்ப வட்டத்தினர், டெபாசிட் காப்பீட்டு வரம்பைத் தாண்டிய தொகையை வைத்திருந்தவர்கள். 2007-இல் பிரிட்டனின் நார்தர்ன் ராக், வீட்டுக்கடன் கொடுக்கச் சந்தையில் திரட்டிய பணத்தையே பெரிதும் நம்பியிருந்தது. அந்த ஊற்று வற்றியதும் தடுமாறியது. ஆகவே, கடன் யாருக்குப் போகிறது என்பதைப் போலவே, பணம் யாரிடமிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: ஆண்டுக்கு 25 சதவீத வளர்ச்சி என்ற நிர்வாகத்தின் இலக்கை எப்படிச் சோதிப்பது?

பதில்: மூலதனத்தின் மீதான வருவாய் 15 சதவீதம், அதில் மூன்றில் ஒரு பங்கு ஈவுத்தொகையாகப் போகிறது என்றால், சொந்த லாபத்தால் மூலதனம் 10 சதவீதம்தான் வளரும். கடன் 25 சதவீதம் வளர்ந்தால் மூலதன விகிதம் (கடனோடு ஒப்பிட்டால் சொந்த மூலதனம் எவ்வளவு என்பது) தேயும், அல்லது புதிய பங்குகளை வெளியிட வேண்டிவரும். அவற்றைப் புத்தக மதிப்புக்கு (கணக்கின்படி ஒரு பங்குக்கு உரிய சொந்த மூலதனத்துக்கு) கீழே விற்க நேர்ந்தால், வளர்ச்சிக்கான விலையைத் தருபவர் பழைய பங்குதாரரே.