தணிக்கைத் தாள் கேட்டு வாங்குவது எப்படி? வடசென்னைக் கேள்விகளுக்கு ஒரு பழைய கணக்கரின் பதில்கள்

உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது தண்டையார்பேட்டைவாசி. 2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தல் முடிந்த நாள் முதல், "எங்கள் வார்டுக் கணக்கைப் பார்க்க முடியுமா?" என்று கேட்டு வருகிறவர்கள் குறையவே இல்லை. சிலருக்குச் சொன்னவை இங்கே.

கொருக்குப்பேட்டை, மளிகைக் கடைக்காரர்: எங்கள் தெரு மழைநீர் வடிகால் பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். "கேள்விகளுக்கு விளக்கம் தர இயலாது" என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது.

உங்கள் மனுவைப் படித்தேன். "வேலை ஏன் சரியாக நடக்கவில்லை, யார் பொறுப்பு?" என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான ஆத்திரம்தான். ஆனால் அலுவலகத்தில் இருக்கும் தாளைத்தான் இந்தச் சட்டத்தில் வாங்க முடியும். இல்லாத விளக்கத்தை எழுதித் தரும்படி கேட்க முடியாது. ஆகவே தாளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், ஒப்பந்ததாரர் கொடுத்த பில், பணம் கொடுத்த செலவுச்சீட்டு (வவுச்சர்).

இவற்றில் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் அளவுப் புத்தகத்தைத்தான் கேட்பேன். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு ஆழம், எந்தத் தேதியில் அளந்தார்கள், யார் கையெழுத்து, எல்லாம் அதில் இருக்கும். பிறகு ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவில் இறங்குங்கள். புத்தகத்தில் 180 மீட்டர் இருந்து தெருவில் 120 மீட்டர் இருந்தால், அதற்கு மேல் விளக்கம் எதற்கு? வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரியைச் சான்றுடன் பெறவும்கூடச் சட்டத்தின் 2ஆம் பிரிவு இடம் தருகிறது. இதைக் கேட்கிறவர்தான் அரிது.

வியாசர்பாடி, கல்லூரி மாணவி: தணிக்கை அறிக்கையை மாநகராட்சியிடம் கேட்பதா, தணிக்கைத் துறையிடமா?

இரண்டு இடத்திலும் கேளம்மா. முதல் தணிக்கை செய்வது, மாநில நிதித்துறையின் கீழுள்ள உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. அவர்களுடைய அறிக்கையின் படி மாநகராட்சியிலும் இருக்கும். ஒருவர் "எங்களிடம் இல்லை" என்றால் அதோடு முடிந்துவிடாது. தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், மனுவை ஐந்து நாட்களுக்குள் அங்கே அனுப்பிவைப்பது அவர்கள் கடமை.

இன்னொன்று, இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை. அவர்கள் மாதிரிக்குச் சில பணிகளை எடுத்துப் பார்ப்பார்கள். உங்கள் தெரு அதில் வருவது அபூர்வம். சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட பிறகு அந்த அறிக்கை இணையத்தில் கிடைக்கும், மனுவே வேண்டாம். வைக்கப்படும் முன் கேட்டால் சட்டமன்ற உரிமை என்று சொல்லி மறுப்பார்கள்.

கட்டணம் பத்து ரூபாய்தான், ஆனால் வழி வேறு. மாநில அலுவலகத்துக்குக் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டலாம். மத்திய அலுவலகத்துக்கு அது செல்லாது. போஸ்டல் ஆர்டர் வையுங்கள். இவ்வளவு சொல்கிற நானே ஒருமுறை மத்திய அலுவலகம் ஒன்றுக்கு வில்லை ஒட்டி அனுப்பி, மனு திரும்பி வந்து, வீட்டில் ஒரு வாரம் கேலிக்கு ஆளானேன்.

புளியந்தோப்பு, ஓய்வுபெற்ற மில் தொழிலாளி: 2018, 2019 கணக்கைப் பற்றிக் கேட்டால், "அது எங்கள் காலம் இல்லை" என்று மன்ற உறுப்பினர் சொல்கிறார்.

அவர் சொல்வது உண்மைதான். 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்தது. 2022 வரை சென்னைக்குக் கவுன்சிலரே கிடையாது. தனி அலுவலரின் ஆட்சிதான். உறுப்பினர் இல்லாவிட்டால் தாளும் இல்லை என்றாகிவிடுமா? அந்த ஆண்டுகளின் அறிக்கையை ஆண்டு குறிப்பிட்டுக் கேளுங்கள். என் கருத்தைக் கேட்டால், முதலில் புரட்ட வேண்டிய கட்டு அதுதான். மன்றத்தில் எழுந்து கேள்வி கேட்க ஆளில்லாத காலம் அது.

காசிமேடு, வலை வியாபாரி: ஜெயித்தவர் தேர்தலில் எவ்வளவு செலவு செய்தார் என்று பார்க்கலாமா?

பார்க்கலாம். முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் வேட்பாளர்கள் செலவுக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். தோற்றவருக்கும் இது பொருந்தும். மாநிலத் தேர்தல் ஆணையத்திடமோ மாவட்டத் தேர்தல் அலுவலரிடமோ வார்டு எண்ணைக் குறிப்பிட்டு நகல் கேளுங்கள். 2022 தேர்தலில் அந்த அலுவலர் மாநகராட்சி ஆணையர்தான். கணக்கில் டீச் செலவைப் படித்துவிட்டுச் சிரிக்காதீர்கள்.

மூலக்கடை, மின்பணியாளர்: வாக்கு இயந்திரத்தின் ஒப்புகைச் சீட்டுகளைச் சரிபார்க்க முடியுமா?

2022 தேர்தலில் ஒப்புகைச் சீட்டு இயந்திரம், அதாவது யாருக்கு வாக்களித்தோம் என்று சீட்டில் காட்டும் விவிபாட், வைக்கப்படவில்லை, தம்பி. இல்லாத சீட்டைக் கேட்க முடியாது. முத்திரையிட்ட மற்ற ஆவணங்களைத் திறப்பதற்கு நீதிமன்றம்தான் வழி.

எண்ணூர், இல்லத்தரசி: மூவாயிரம் பக்கம், ஆறாயிரம் ரூபாய் கட்டு என்று கடிதம் வந்திருக்கிறது.

ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய், கணக்குச் சரிதான். பயந்துவிடாதீர்கள், பணமும் கட்டாதீர்கள். "ஆவணங்களை நேரில் பார்வையிட விரும்புகிறேன்" என்று எழுதுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. உட்கார்ந்து புரட்டி, வேண்டிய இருபது பக்கத்தைக் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு மட்டும் சான்றிட்ட நகல் கேளுங்கள். நாற்பது ரூபாயில் முடிந்துவிடும். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். ஒருவர் படிக்க, ஒருவர் எழுத. அந்தக் கடிதத்தின் தேதியையும் பாருங்கள். மனு கிடைத்து 30 நாட்கள் கடந்த பிறகு தகவல் தந்தால் நகல் இலவசம்.

பெரம்பூர், தையற்கடை வைத்திருப்பவர்: என் பெயர் தெரிந்தால் வீட்டுக்கு ஆள் வருவார்களோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயத்தைக் கிண்டல் செய்கிறவன் நான் இல்லை, அம்மா. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதே இல்லை. தொடர்புக்கான விவரம் போதும். முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண்ணை ஏற்கலாம் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது. வேறு பகுதியில் இருக்கும் உறவினர் பெயரிலும் கேட்கலாம். எந்த இந்தியக் குடிமகனும் எந்த வார்டுக் கணக்கையும் கேட்கலாம்.

ராயபுரம், ஆட்டோ ஓட்டுநர்: அறிக்கை கிடைத்தது. "தணிக்கைத் தடை" என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. எல்லாம் திருட்டா?

அவசரப்படாதீர்கள். தடை என்றால் தணிக்கையாளர் எழுப்பும் ஆட்சேபம், அவ்வளவுதான். தடைகளில் பாதி, செலவுச்சீட்டு காட்டாதது, கையெழுத்து விட்டுப்போனது போன்றவையாக இருக்கும். நானே அப்படி எத்தனையோ எழுதியிருக்கிறேன். அதே பத்தி மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வருகிறதா, "வசூலிக்க வேண்டிய தொகை" என்று ரூபாய் குறிப்பிட்டிருக்கிறதா, இந்த இரண்டை மட்டும் தேடுங்கள். கிடைத்தால் அடுத்த மனுவில் அந்தப் பத்தி எண்ணைப் போட்டு, மாநகராட்சி அனுப்பிய பதிலின் நகலையும் வசூலித்த ரசீதின் நகலையும் கேளுங்கள்.

பதிலே வரவில்லை என்றால், 30 நாட்கள் முடிந்த மறுநாள் முதல் இன்னொரு 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை. அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தபால் ரசீதுகளை எல்லாம் ஒரே கவரில் போட்டு வையுங்கள். ஆட்டோவின் முன்பெட்டியில் வேண்டாம், மழையில் நனைந்துவிடும்.