அமெரிக்கப் புரட்சிக்கால ராணுவப் பழம்பொருட்களைச் சேகரிக்கத் தொடங்குபவர் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

கேட்டவர் பென்சில்வேனியாவுக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகிறதாம். ஒரு சந்தையில் 1770களைச் சேர்ந்தது என்று சொல்லி விற்ற துப்பாக்கியைப் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை என்று கேள்வியின் கீழே எழுதியிருக்கிறார். எனக்கும் அந்த நோய் உண்டு, அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வருடம் துப்பாக்கி வாங்காதீர்கள். பெயர் பொறித்த எதையும் எப்போதுமே அவசரப்பட்டு வாங்காதீர்கள். இரண்டாவது புத்தி எனக்கு 1,400 டாலர் செலவில் வந்தது.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். பிரிட்டனுக்கு எதிரான புரட்சிப் போரில் 1776 டிசம்பர் 26-ல் சண்டை நடந்த ட்ரென்டன், அடுத்த வாரமே 1777 ஜனவரி 3-ல் நடந்த பிரின்ஸ்டன், 1778 ஜூன் வெயிலில் நடந்த மான்மத், வாஷிங்டனின் படை 1779-80 குளிர்காலத்தில் பனியில் சுருண்டு கிடந்த மோரிஸ்டவுன், எல்லாமே காரில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும் தூரம்தான். அதனால் வார இறுதிச் சந்தைகளில் இந்தச் சாமான்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஆறு வருடம் முன்பு அப்படி ஒன்றில் ஒரு வெடிமருந்துக் கொம்பைப் பார்த்தேன்.

மாட்டுக்கொம்பைக் கொதிக்க வைத்துச் சுரண்டி, அகன்ற பக்கத்தை மரக்கட்டையால் அடைத்து, கூர்முனையில் சின்னத் துளை போட்டுத் தக்கை வைத்தால் அதுதான் வெடிமருந்துக் கொம்பு. ஈரம் புகாது, தீப்பொறி எழுப்பாது. 1754 முதல் 1763 வரை பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரில், ஹட்சன் நதி, ஜார்ஜ் ஏரிப் பக்கக் கோட்டைகளில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்த சிப்பாய்கள் கொம்பில் தங்கள் பெயர், தேதி, கோட்டையின் படம், சில சமயம் ஒரு முழு வரைபடத்தையே கத்தி முனையால் கீறி வைத்தார்கள். புரட்சிப் போரிலும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. நான் பார்த்த கொம்பில் ஒரு பெயர், 1777 என்ற ஆண்டு, ஒரு கோட்டை, பக்கத்தில் ஒரு மரம். விற்றவர் ஒரு குடும்பக் கதையும் சொன்னார். கதை ரொம்ப நன்றாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

அடுத்த வருடம் வேறொரு சந்தையில், நாற்பது வருடமாகக் கொம்பு மட்டுமே சேகரிக்கும் ஒரு பெரியவரிடம் பெருமையோடு நீட்டினேன். நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்கிற லென்ஸ் ஒன்றை எடுத்து ஒரு நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டார். "கொம்புக்கு இருநூறு வயதுக்கு மேல் இருக்கும். எழுத்துக்கு உன் வயதுகூட இருக்காது" என்றார்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். லென்ஸை என்னிடமே கொடுத்தார். கொம்பில் பூச்சி அரித்த குழி ஒன்று இருந்தது. மரத்தின் கிளை ஒன்று அந்தக் குழி வழியாகப் போகிறது. முதலில் எழுத்து, அப்புறம் பூச்சி என்றால் கோடு குழியின் விளிம்போடு அறுந்திருக்க வேண்டும். என் கொம்பில் கத்தி குழிக்குள் சறுக்கி இறங்கி, அடியில் ஒரு கீறல் போட்டுவிட்டு அந்தப் பக்கம் ஏறியிருந்தது. இன்னொன்றும் காட்டினார். கொம்பைத் தோளில் மாட்டினால் ஒரு பக்கம் எப்போதும் உடையில் உரசிக்கொண்டே இருக்கும், அந்தப் பக்க எழுத்து மங்கிப்போகும். என்னுடையதில் எல்லாப் பக்கமும் ஒரே கூர்மை, கோடுகளுக்குள் ஒரே சீரான பழுப்புநிறம், ஷூ பாலிஷ் தடவின மாதிரி. வெறும் கொம்பாக விட்டிருந்தால் அது நாணயமான ஒரு பழம்பொருள். ஆசைக்காரன் எவனோ கீறி, நிஜத்தையும் சேர்த்துக் கெடுத்துவிட்டான்.

துப்பாக்கிக்கும் இதே கதைதான், ஆனால் இழப்பு பெரிது. புரட்சிப் போர்த் துப்பாக்கிகள் சக்கிமுக்கிக் கல்லால் வெடிப்பவை. குதிரை என்கிற சுத்தியின் வாயில் கவ்விய கல் எஃகுத் தகட்டில் மோதி, பொறி மருந்துக் கிண்ணியில் விழுந்து, குழலின் பக்கத்தில் உள்ள பற்றுவாய் என்ற சின்னத் துளை வழியாக நெருப்பு உள்ளே போகும். 1840களிலும் 50களிலும் இவற்றில் ஏராளமானவற்றை, தொப்பி வடிவ வெடியால் இயங்கும் புதிய முறைக்கு மாற்றிவிட்டார்கள். கிண்ணியும் எஃகுத் தகடும் கழற்றி எறியப்பட்டன. பிற்காலத்தில் சேகரிப்பவர்களுக்குக் கல் துப்பாக்கிதான் வேண்டும் என்றானதும், வியாபாரிகள் புதுக் கிண்ணி, புதுக் குதிரை போட்டுப் பழையபடி ஆக்கினார்கள். அப்படி ஆக்கியதைச் சொல்லி விற்றால் தப்பில்லை, சொல்லாமல் விற்பதுதான் அதிகம். பற்றுவாயைப் பாருங்கள். நூறு தடவை மருந்து எரிந்த துளையின் ஓரம் அரித்துப் பள்ளம் விழுந்திருக்கும். துளை புதுசாக, வட்டமாக, சுத்தமாக இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

முத்திரையை நம்பியும் மோசம் போனவர்கள் உண்டு. 1777-ல் புரட்சியை நடத்திய அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையான காங்கிரஸ், தன் ஆயுதங்களில் அமெரிக்க அரசின் முத்திரை இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது, ஆயுதங்கள் அவ்வளவு களவு போயின. அந்த யு.எஸ். எழுத்துகள் இருந்தால் விலை பல மடங்கு. இரண்டு எழுத்து அச்சு செய்ய எவ்வளவு செலவாகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் நம் ஊரோடு உண்மையிலேயே தொடர்புடையது. பிரவுன் பெஸ் என்ற பிரிட்டிஷ் துப்பாக்கியைத்தான் எல்லோரும் முதலில் தேடுவார்கள். குழலின் உள்துளை 0.75 அங்குலம். புரட்சிப் போரில் வந்தவற்றின் குழல் பெரும்பாலும் 46 அங்குலம் அல்லது 42 அங்குலம். 39 அங்குலக் குழல் கொண்ட வகைக்குப் பெயரே 'இந்தியா பேட்டர்ன்'. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செய்யப்பட்டதை, பிரான்ஸோடு 1793-ல் தொடங்கிய போரின் நெருக்கடியில் பிரிட்டிஷ் ராணுவம் 1797-ல்தான் தனக்கும் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவும் பிரிட்டனும் மறுபடி மோதிய, 1812-ல் தொடங்கிய போருக்கு அது சரி, வாஷிங்டன் காலத்துக்குச் சரிவராது. அதிலும் பூட்டுத் தகட்டில், அதாவது குதிரை பொருத்தியிருக்கும் பக்கத் தகட்டில், இதய வடிவக் கம்பெனி முத்திரையோ, 1808-க்குப் பிறகு வந்த சிங்க முத்திரையோ இருந்தால், அது கம்பெனிப் படைக்காகச் செய்யப்பட்ட துப்பாக்கி. 2000களின் தொடக்கத்தில் காத்மாண்டுவின் பழைய அரண்மனை ஒன்றில் குவிந்து கிடந்த ஆயுதங்களை அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கி வந்தார்கள், அதில் பிரவுன் பெஸ் வகைகளும் நிறைய. அவை போலி இல்லை, ஆனால் அமெரிக்கப் போரைப் பார்த்தவையும் இல்லை. போதாததற்கு, போர்க்காட்சி நடிப்பவர்களுக்காக இந்தியப் பட்டறைகளில் இன்றும் நகல் செய்து அனுப்புகிறார்கள். அதைப் பத்து வருடம் கொட்டகையில் போட்டு வைத்தால் முகம் மாறிவிடும். சந்தைக்கு ஒரு அளவு டேப் கொண்டுபோங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

(1781-ல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்ற பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ்தான் 1792-ல் திப்புவை மண்டியிட வைத்து திண்டுக்கல்லையும் பாராமகாலையும் வாங்கிக்கொண்டவர். 1782-ல் டெலவேர் விரிகுடாவில் ஒரு பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்த பென்சில்வேனியாக் கப்பலின் பெயர் 'ஹைதர் அலி'. இதை எந்தச் சந்தையில் சொன்னாலும் வியாபாரிகள் முகம் மலரும், விலை மட்டும் குறையாது.)

சரி, எதில் தொடங்குவது? ஈயக் குண்டில். சமையலறைத் தராசு ஒன்று போதும், அதுவே ஆசிரியர். முழு உருண்டையாக இருந்தால் பிரவுன் பெஸ் குண்டு சுமார் 31 கிராம், பிரெஞ்சு ஷார்ல்வில் துப்பாக்கியின் குண்டு சுமார் 26 கிராம், பென்சில்வேனிய ஜெர்மானியக் கொல்லர்கள் செய்த நீளக்குழல் ரைஃபிளுக்கு உரியது பெரும்பாலும் அதில் பாதி அளவுதான் வரும். எங்கேயோ மோதித் தட்டையாகிப்போன குண்டுக்கும் எடை பெரிதாக மாறாது என்பதால், எந்த வகைத் துப்பாக்கி சுட்டது என்று கணக்குப் போடலாம். மான்மத் களத்தில் தொல்லியலாளர்கள் இந்த வழியில்தான் யார் எங்கிருந்து சுட்டார்கள் என்று கண்டுபிடித்தார்கள். என் முதல் குண்டு 18 டாலர். 25.6 கிராம் என்று தராசு காட்டிய ராத்திரி, என் பெண் அதைக் கையில் வைத்துக்கொண்டு "இவ்வளவு கனமாப்பா?" என்றாள்.

பல் தடம் பதிந்த குண்டு என்று அதிக விலை சொல்வார்கள். மயக்க மருந்தில்லாத காலத்தில் காலை அறுக்கும்போது சிப்பாய் கடித்தது என்று கண் கலங்க வைப்பார்கள். அப்படிக் கசங்கியவற்றில் பெரும்பாலானவை பிற்காலத்தில் வயலில் மேய்ந்த பன்றிகள் மென்றவை. விலை கூட்டுவது எல்லா இடத்திலும் கதைதான்.

குண்டுக்கு அப்புறம் சக்கிமுக்கிக் கற்கள். தேன் நிறம் என்றால் பிரான்ஸ், கறுப்பு அல்லது அடர்சாம்பல் என்றால் பெரும்பாலும் இங்கிலாந்து. பிறகு பட்டன்கள். 1767 உத்தரவுக்குப் பிறகு பிரிட்டிஷ் சிப்பாயின் வெள்ளீயக் கலவைப் பட்டனில் அவன் ரெஜிமென்ட்டின் எண் இருக்கும். 10 என்று இருந்தால், போரின் முதல் சண்டை நடந்த லெக்சிங்டனில் 1775 ஏப்ரல் 19-ல் நின்ற படைப்பிரிவு அது. பெயரில்லாத ஒருவனின் சட்டையிலிருந்து விழுந்த அந்தப் பட்டன், பெயர் பொறித்த என் கொம்பைவிட எவ்வளவோ நம்பகமானது. யு.எஸ்.ஏ. என்று பின்னிய எழுத்துள்ள பட்டனுக்கு மட்டும் மறுபடியும் லென்ஸை எடுங்கள், அதற்கு நகல் ஏராளம்.

மெட்டல் டிடெக்டர் வாங்கிக்கொண்டு நீங்களே தோண்டக் கிளம்பிவிடாதீர்கள். தேசியப் பூங்காக்களில் அதை வைத்துத் தேடுவதே குற்றம். 1979 சட்டப்படி மத்திய அரசு நிலத்தில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை எடுத்தால் அபராதம், சிறை இரண்டும் உண்டு. தனியார் நிலமென்றால் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். 1898-க்குள் செய்த துப்பாக்கிகளை மத்தியச் சட்டம் பழம்பொருளாகத்தான் பார்க்கிறது, ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், உங்கள் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

திருட்டுப் பொருளும் சுற்றுகிறது. பென்சில்வேனியக் கொல்லர் ஜான் கிறிஸ்டியன் ஓர்ட்டர் 1775-ல் செய்து கையெழுத்திட்ட ரைஃபிள் ஒன்று 1971-ல் வேலி ஃபோர்ஜ் என்ற நினைவிடப் பூங்காவிலிருந்து களவு போனது. 2018-ல் ஒரு பழம்பொருள் வியாபாரியின் கைக்கு வந்து அடையாளம் தெரிந்து, ஃபிலடெல்ஃபியாவின் அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஐம்பது வருடம் கழித்தும் திருட்டு திருட்டுதான், காசு கொடுத்து வாங்கினாலும் பொருள் உங்களுடையது ஆகாது. அதனால் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கேளுங்கள், ரசீதை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியும் போய் வாருங்கள். வாஷிங்டன் போரில் தங்கிய கூடாரமே அங்கே இருக்கிறது. நிஜப் பொருளைக் கண் நிறையப் பார்த்தால்தான் போலி உறுத்தும்.

வாங்கியதைப் பாதுகாப்பதில் என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஈயக் குண்டுகளை அழகான ஓக் மரப் பெட்டியில் வரிசையாக வைத்தேன். ஒரு வருடத்தில் எல்லாம் வெள்ளை மாவு பூத்து உதிர ஆரம்பித்தன. ஓக் மரம் விடும் அமிலக் காற்று ஈயத்தைத் தின்னும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த மாவு விஷம் வேறு. இப்போது அமிலமில்லாத அட்டைப்பெட்டி, பாலிதீன் பை, தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவல். மண்ணிலிருந்து வந்த ஈயத்தில் இயல்பாக இருக்கும் மங்கிய வெண்படலத்தை மட்டும் தேய்த்து எடுக்காதீர்கள், வயதுக்கு அதுதான் சாட்சி. இரும்பையும் அப்படித்தான், உப்புத்தாள் பக்கமே போகக்கூடாது.

நீங்கள் பார்த்த துப்பாக்கி இன்னும் அங்கேயே இருந்தால், குழலின் நீளத்தை அளந்து, பற்றுவாயையும் பூட்டுத் தகட்டின் உட்பக்கத்தையும் படம் எடுத்துக் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். கழற்றிக் காட்டமாட்டேன் என்று வியாபாரி சொன்னால் படம் தேவையில்லை.