நடுராத்திரி விழிப்பும் ஜாதிக்காய்ப் பாலும்: வாசகர் கடிதம்

வணக்கம் ஐயா,

வீட்டு வைத்தியம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கம். எனக்கு வயது 54. சர்க்கரை கிடையாது, தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு வருஷமாகத் தூக்கம் சரியில்லை. ஒன்பது மணிக்கே மாடி அறையில் படுத்துவிடுவேன். கண் அசர பத்தரை ஆகும். ஒன்றரை மணிக்கு முழிப்பு வந்துவிடும். வீட்டுக்காரர் வயலுக்கு மோட்டார் போட எழுந்திருக்கும் நாளில் சொல்லவே வேண்டாம். பிறகு நாலு மணி வரை கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்து, விடியற்காலம் அசந்து ஆறு மணிக்கு எழுந்திருக்கிறேன். மத்தியானம் சாப்பிட்டதும் ஒன்றரை மணி நேரம் படுத்தால்தான் உடம்பு நிற்கிறது. சாயங்காலம் நாலரைக்கு ஒரு காபி, ஆறரைக்கு இன்னொன்று. படுத்தால் காலில் ஒரு குடைச்சல் வேறு. காலை ஆட்டிக்கொண்டே இருந்தால் தேவலை.

பாலில் ஜாதிக்காய் போடச் சொல்கிறார் நாத்தனார். பக்கத்து வீட்டில் கசகசா என்கிறார்கள். மகள் அமுக்கரா (அஸ்வகந்தா) மாத்திரை வாங்கி அனுப்பியிருக்கிறாள். மருந்துக்கடையில் கேட்டால் அலர்ஜி மாத்திரை கொடுக்கிறார்கள். போட்டால் தூக்கம் வருகிறது, மறுநாள் முழுக்க மந்தம். எது சரி, எவ்வளவு, எப்போது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஜாதிக்காய்க்குக் கட்டாயம் வருகிறேன். அதற்கு முன் நீங்கள் எழுதிய மணிக்கணக்கைக் கூட்டிப் பாருங்கள். பத்தரையிலிருந்து ஒன்றரை வரை 3 மணி நேரம். நாலிலிருந்து ஆறு வரை 2. மத்தியானம் ஒன்றரை. ஆக, நாளொன்றுக்கு ஆறரை மணி நேரம் தூங்குகிறீர்கள். உங்கள் வயதுக்கு 7 மணி நேரம் இருந்தால் நல்லது, ஆனாலும் இது அப்படியொன்றும் மோசமில்லை. அந்தத் தூக்கம் மூன்று துண்டாகக் கிடப்பதுதான் உங்கள் அவஸ்தை. ஆறரை மணி நேரத் தூக்கத்தில் ஒன்றரையைப் பகலிலேயே செலவழித்துவிட்டு, ராத்திரி ஒன்பது மணி நேரம் படுக்கையில் கிடந்தால் மிச்சமெல்லாம் விழிப்பாகத்தான் இருக்கும். எந்தச் சூரணமும் இந்தக் கணக்கை மாற்றாது.

விழித்திருக்கிற நேரம் முழுக்க மூளையில் அடினோசின் என்றொரு பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது சேரச் சேரத்தான் கண் சொக்கும், தூங்கினால் கரையும். நாலு மணிக்கு வயிறு முட்ட டிபன் சாப்பிட்டவருக்கு ராத்திரி சோறு இறங்காத மாதிரி, மத்தியானம் ஒன்றரை மணி நேரம் தூங்கியவருக்கு ராத்திரித் தூக்கம் ஆழமாக இறங்காது. எண்ணெய் தேய்த்த அன்று பகலில் படுக்கக் கூடாது என்று பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள். நீங்கள் அதை எல்லா நாளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி செய்ய வேண்டியது. இன்றிலிருந்து காலை ஐந்தரைக்கு எழுந்திருங்கள். ராத்திரி எப்படிப் போயிருந்தாலும் ஐந்தரைதான், ஞாயிற்றுக்கிழமையும் அதுதான். படுக்கப் போவது பதினொரு மணிக்கு. ஒன்பது மணிக்குக் கண்ணைச் சுழற்றினாலும் படுக்காதீர்கள். கூடத்தில் மங்கலான வெளிச்சத்தில் முருங்கைக்கீரை உருவுவது, துணி மடிப்பது என்று கை வேலையாக இருங்கள். டிவி சீரியலும் செல்போனும் பத்து மணிக்கு மேல் வேண்டாம். மத்தியானம் படுக்கவே கூடாது. முடியவில்லை என்றால் இரண்டு மணிக்குள் 20 நிமிஷம், அதுவும் நாற்காலியில் சாய்ந்தபடி.

முதல் நாலைந்து நாள் கஷ்டமாக இருக்கும். பகலில் தள்ளாடும், எரிச்சல் வரும். அந்த நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள், அரிவாள்மணையில் உட்காரும்போது கவனம். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். நாலாம் நாள் ஒன்பது மணிக்கே போய்ப் படுத்துவிடுவார்கள், கதை பழையபடி ஆரம்பிக்கும். ஒரு வாரம் தாக்குப்பிடித்து, படுக்கையில் இருக்கும் ஆறரை மணி நேரத்தில் ஐந்தரை மணி நேரமாவது தூங்க ஆரம்பித்த பிறகு, படுக்கும் நேரத்தை 15 நிமிஷம் முன்னால் கொண்டுவாருங்கள். அடுத்த வாரமும் சரியாக இருந்தால் இன்னொரு 15. எழுந்திருக்கும் நேரத்தைத் தொடக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள், மனநலத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இப்படித் தூக்க நேரத்தைச் சுருக்கக் கூடாது.

எழுந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறீர்கள் அல்லவா, அது நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய மருந்து. விடிந்த பிறகு 20, 30 நிமிஷம் வெளியிலேயே இருங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் அன்றைய ராத்திரியை நேரத்துக்கு வைக்கும்.

ஒன்றரைக்கு முழிப்பு வந்தால் மணி பார்க்காதீர்கள். கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். ஏறக்குறைய 20 நிமிஷம் ஆயிற்று, தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து கூடத்துக்கு வந்து, சின்ன மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் சும்மா உட்காருங்கள். கண் இழுத்தால் மட்டும் திரும்பிப் போங்கள். விழித்ததுதான் விழித்தோம் என்று மூன்று மணிக்குப் பாத்திரம் துலக்குவது, டிகாக்ஷன் போடுவது கூடாது. இரண்டு வாரம் செய்தால் உடம்பு அந்த நேரத்துக்குத் தானாகவே எழுந்துகொள்ளும். வீட்டுக்காரர் மோட்டார் போடும் நாட்களில் அவர் வேறு அறையில் படுக்கட்டும். எழுந்ததும் டியூப்லைட்டைப் போடாமல் டார்ச்சோடு போகட்டும்.

காபியை நிறுத்தச் சொன்னால் தஞ்சாவூர் ஜில்லாவில் யாரும் கேட்க மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. நேரத்தை மாற்றுங்கள். குடித்த காபியிலுள்ள கஃபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆறரைக் காபியின் பாதி பதினொன்றரைக்கும் உடம்பில் நிற்கும். அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் கஃபீன் உட்கார்ந்துகொள்வதால் அசதி இருந்தும் தூக்கம் வராது. காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, அத்துடன் சரி. சாயங்காலம் சுக்குமல்லிக் காபி குடியுங்கள். அதில் கஃபீன் இல்லை. ‘இரண்டாம் டிகாக்ஷன்தானே’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். டீயிலும் கஃபீன் உண்டு.

அடுத்தது அந்த மாடி அறை. கான்கிரீட் தளம் பகல் வெயிலைக் குடித்துவைத்துக்கொண்டு சாயங்காலத்திலிருந்து நடுராத்திரி வரை உள்ளே கக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, உட்கூரையில் கையை வைத்துப் பார்த்தால் தெரியும். சீலிங் ஃபேன் அந்த அனலைத்தான் கீழே தள்ளுகிறது. தூக்கம் வர உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும், அந்த அறையில் இறங்க வழியில்லை. பங்குனியிலிருந்து ஆடி வரை கீழே கூடத்தில் படுங்கள். ஃபோம் மெத்தை சூட்டை விடாது. அதன்மேல் கோரைப்பாயை விரியுங்கள், அல்லது இலவம்பஞ்சு மெத்தைக்கு மாறுங்கள். டேபிள் ஃபேனை ஜன்னலோரம் வைத்து வெளிக்காற்றை உள்ளே இழுக்க விடுங்கள். ஜன்னலில் ஈரத்துணி கட்டுவது காய்ந்த காற்றுள்ள ஊருக்குச் சரி. கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் புழுக்கம்தான் கூடும். மாடியை விடவே முடியாது என்றால் மொட்டைமாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், அல்லது தென்னங்கீற்றுப் பந்தல் போடுங்கள். கொசுவுக்கு வலைதான். நொச்சிப் புகை போடுவதானால் அந்தி நேரத்தில் போட்டு, படுப்பதற்குள் புகை முழுக்க வெளியேறிவிட வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்திச் சுருளோடு தூங்குவது நுரையீரலுக்குக் கெடுதல்.

உள்சூட்டை இறக்க நல்ல கைவைத்தியம் வெந்நீர்தான். பத்து மணிவாக்கில் கணுக்காலுக்கு மேல் முழுகும் அளவுக்கு ஒரு வாளியில் பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றி, 15 நிமிஷம் காலை வைத்திருங்கள். பாதத்து ரத்தக்குழாய்கள் விரிந்து உடம்பின் சூடு அந்த வழியாக வெளியேறும். அரை மணி, முக்கால் மணியில் கண் கனக்கும். ஒரு கை கல்லுப்பு போடுவது வழக்கம். போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் தாங்களே சூடு பார்க்கக் கூடாது, வேறொருவர் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலை வைக்கலாம். ராத்திரி பச்சைத் தண்ணீரில் குளித்தால் அந்த நிமிஷம் சுகம்தான். ஆனால் தோலிலுள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கிச் சூடு உள்ளேயே தங்கிவிடும். வெதுவெதுப்பாகக் குளியுங்கள்.

இனி பால். 100 மில்லிக்கு மேல் வேண்டாம், சிறுநீருக்கு எழ வேண்டிவரும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு குடியுங்கள். ஜாதிக்காயைப் பொடித்துக் கொட்டாமல், கல்லில் பாலை விட்டு மூன்று நாலு சுற்று உரசி வழித்துப் போடுங்கள். பொடியானால் ஒரு சிட்டிகை. கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். வேலை செய்யவில்லை என்று அளவை ஏற்றிக்கொண்டே போவதுதான் ஆபத்து. 5 கிராம், அதாவது கிட்டத்தட்ட ஒரு முழுக்காய் உள்ளே போனால் படபடப்பு, வாய் உலர்தல், மனக்குழப்பம் எல்லாம் வரும், ஒரு நாளுக்கு மேலும் நிற்கும். கைக்குழந்தை தூங்குவதற்காக உரசிக் கொடுப்பதை அறவே விட்டுவிட வேண்டும். கசகசா ஒரு டீஸ்பூன் கழுவி ஊறவைத்து அரைத்துப் பாலில் கலக்கலாம். சாப்பாட்டுப் பொருள்தான், தூக்கத்துக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கம் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அமீரகத்திலோ சவுதியிலோ இருக்கும் பிள்ளைகளுக்குக் கசகசா கொடுத்தனுப்பாதீர்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.

அமுக்கராவுக்கு ஓரளவு பலன் உண்டு, தெரியச் சில வாரங்கள் ஆகும். ஆனால் உங்களுக்கு வேண்டாம். அது தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடியது, நீங்கள் ஏற்கெனவே அதற்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள். மாத்திரையின் அளவு உங்களுக்கு அதிகமாக இருந்தாலே தூக்கம் கெடும், நெஞ்சு படபடக்கும். மாத்திரையின் அளவு சரியா என்று காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை பார்த்து ஆறு மாதம் ஆகியிருந்தால் இந்த வாரமே பாருங்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அமுக்கராவைத் தொடக் கூடாது.

அந்த அலர்ஜி மாத்திரையை விட்டுவிடுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் உள்ள மருந்தின் பக்கவிளைவைத் தூக்கமென்று விற்கிறார்கள். மறுநாள் மந்தம் அதனுடையதுதான். வயதானவர்களுக்கு இதனால் புத்தி தடுமாறும், சிறுநீர் அடைக்கும், ராத்திரி எழுந்து விழுந்து இடுப்பு முறியும். அல்பிரசோலம் மாதிரியான தூக்க மாத்திரையை மாதக்கணக்கில் போட்டு வருபவர்கள் மட்டும் திடீரென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திணறி எழுவதும் உள்ளவர்களுக்கு இங்கே சொன்ன எதுவும் போதாது, அவர்கள் டாக்டரிடம் போக வேண்டும்.

கடைசியாகக் கால் குடைச்சல். படுத்தால் குடைச்சல், ஆட்டினால் தேவலை என்பது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வரும். எண்ணெய் தேய்த்து நீவினால் அப்போதைக்கு அடங்கும், காரணம் போகாது. அலர்ஜி மாத்திரையும் சாயங்காலக் காபியும் இதைக் கூட்டும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு, உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்து டாக்டர் இரும்பு மாத்திரை எழுதினால், தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் தைராய்டு மாத்திரை சரியாக உடம்பில் சேராது. தைராய்டு மாத்திரையை எழுந்தவுடன் வெறும் தண்ணீரில், காலைக் காபி அதிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து, இரும்பு மாத்திரை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பு. பதினொரு மணிக் காபியை அதிலிருந்து தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.